உயரமா, கியரா? பழைய ஆஃப்ரோடு வண்டியில் பணம் முதலில் எதற்குப் போக வேண்டும்

செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர்-வீல் டிரைவ் வாங்கியதும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம்?’ டிஃபரன்ஷியலில் (ஆக்சிலின் நடுவே சக்கரங்களைச் சுற்றவைக்கும் கியர் பெட்டி) என்ன விகிதம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் நாலு பேர் கண்ணில் படும், கியர் படாது. என் ஓட்டு கியருக்குத்தான். அதற்காக உயரம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு உயரம் என்பதை டயர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே முதலில் டயர் அளவு, அடுத்து கியர், கடைசியில் லிஃப்ட். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வாங்கும்போதே முதல் போட்டி வந்துவிடும். கம்பெனி நிலையிலேயே இருக்கும் வண்டியா, முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே லிஃப்ட் எல்லாம் போட்டு வைத்த வண்டியா? இரண்டாவதில் பாகங்களின் விலை மிச்சமாவது உண்மை. ஆனால் மாட்டிய விதத்தைப் பார்க்காமல் அதை லாபக் கணக்கில் எழுதக்கூடாது. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா? சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அது இழுபடும். ஆக்சிலை இடது வலது நகராமல் பிடித்திருக்கும் டிராக் பாரின் போல்ட் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கிறதா? முன்பக்கம் கடகடவென்று உதறும் பல வண்டிகளில் வியாதி அங்கேதான். ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் டேம்பரைப் புதிதாக மாட்டியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். உதறலை அது மறைக்கும், தீர்க்காது. ஆக்சில் மேலே ஏறி இடிப்பதைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு எதிரே ஆக்சிலில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தால், ஸ்பிரிங் தளர்ந்து அடிக்கடி இடித்திருக்கிறது என்று அர்த்தம். சேசிஸில், ஸ்பிரிங்கும், ஆக்சிலைப் பிடிக்கும் கம்பியான கன்ட்ரோல் ஆர்மும் பொருந்தும் இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். அப்படி ஒலித்தால் மற்ற கணக்கெல்லாம் வேண்டாம், வேறு வண்டி பாருங்கள்.

கியர் விகிதத்தை விற்பவர் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளாதீர்கள். லாக்கர் (இரு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் அமைப்பு) இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் என்றால், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுவரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் 3.07, நாலரையைத் தாண்டினால் 4.56. அப்புறம் இதையே முன் ஆக்சிலிலும் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், பிடிமானமுள்ள தரையில் ஃபோர்-வீல் போட்ட உடனே முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். பின்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு விற்றுவிடுபவர்களும் உண்டு.

பட்டை ஸ்பிரிங்கான லீஃபா, சுருள் ஸ்பிரிங்கான காயிலா என்ற சண்டைக்கு ஜீப் ராங்ளரே நல்ல உதாரணம். 1987 முதல் 1995 வரை வந்த ஒய்ஜே மாடல் முழுக்க லீஃப் ஸ்பிரிங். 1997-இல் வந்த டிஜே நான்கு பக்கமும் காயில். காயிலில் பட்டைகளுக்கு இடையிலான உரசல் இல்லாததால் சக்கரம் தாராளமாக ஏறி இறங்கும், பயணமும் மென்மை. ஆனால் ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவது கன்ட்ரோல் ஆர்ம்களும் டிராக் பாரும்தான். அத்தனைக்கும் மூட்டில் புஷ் (ரப்பர் உருளை) உண்டு, அத்தனையும் தேயும். லீஃபில் பட்டையே ஸ்பிரிங், பட்டையே ஆக்சிலைப் பிடிக்கும் கை. உடைந்தது எது என்று பார்த்தவுடன் தெரியும். கையில் பணம் குறைவு, ரிப்பேரை நீங்களே பார்ப்பீர்கள் என்றால் லீஃப் வண்டி ஒன்றும் மட்டமில்லை. பட்டையைக் கழற்றினால் அதை ஆக்சிலோடு இறுக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்; ஒருமுறை முறுக்கியதில் அது நீண்டிருக்கும்.

சரி, லிஃப்ட். பாடி லிஃப்ட் என்பது சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது. மலிவு, ஸ்டீயரிங் கோணமும் ஷாஃப்ட் கோணமும் பெரிதாக மாறாது, ஆனால் சேசிஸின் வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவே. ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் (உயர்த்தும் கட்டை) வைப்பதும் தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மருந்தல்ல. லீஃப் வண்டிகளில் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மேலே ஏற்றிவிடுவது இன்னொரு வழி. ஒரேயடியாக ஐந்து அங்குலம் போல உயரும், பழைய பட்டையே போதும். பதிலுக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவில் வளைக்கும். அதைத் தடுக்கத் தனிக் கம்பி, ஸ்டீயரிங்கை மாற்றி அமைப்பது என்று செலவு நீளும்.

நான் சொல்வது 2 முதல் 2.5 அங்குலப் புது ஸ்பிரிங், அதன் நீளத்துக்கேற்ற ஷாக் அப்சார்பர், புது புஷ். இதற்கு மேல் போனால் காஸ்டர் (முன்சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்து ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும், டிஜே போன்ற குட்டை ஷாஃப்ட் வண்டிகளில் பின்னாலிருந்து அதிர்வு கிளம்பும். ஷாக்கில் ஒற்றைக் குழாயுள்ள மோனோ டியூப் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், நீண்ட கரடுமுரடுப் பாதையில் தளராது. ஆனால் கல் பட்டு உடல் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். மெதுவாகப் பாறை ஏறுபவருக்கு இரட்டைக் குழாயுள்ள ட்வின் டியூபே போதும்.

ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 போட்டால் டிஃபரன்ஷியலுக்கு அடியில் 2.5 அங்குல இடைவெளி கூடும். டயரை மாற்றாமல் நாலு அங்குலம் லிஃப்ட் போட்டால் அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. உயர்வது வண்டியின் வயிறு மட்டும்.

அந்த 33 அங்குல டயர் கியரை என்ன செய்யும்? 3.07 விகிதம் கிட்டத்தட்ட 2.60 போல நடந்துகொள்ளும்; எண் குறைந்தால் இழுவையும் குறையும். ஐந்தாவது கியர் அலங்காரத்துக்கு இருக்கும், ஏற்றத்தில் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் கிளட்ச் புகையும். இதற்கு இரண்டு வைத்தியம்: ஆக்சிலில், டிஃபரன்ஷியலின் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியன் மாற்றுவது, இல்லையென்றால் முன்பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்சை (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) இன்னும் லோவாக்குவது.

ராங்ளரிலேயே கணக்குப் போடலாம். முதல் கியர் 3.83, லோ ரேஞ்ச் 2.72, ஆக்சில் 3.07. பெருக்கினால் ஏறக்குறைய 32, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 32 சுற்று. ஆக்சிலை 4.56 ஆக்கினால் 47.5. ஆக்சிலைத் தொடாமல், 2003-இல் ராங்ளரின் ரூபிகான் மாடலில் வந்தது போன்ற 4:1 டிரான்ஸ்ஃபர் கேஸ் போட்டால் 47. பாறை மேல் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஊரும்.

வித்தியாசம் சாலையில் தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்சைத் தொடாது, ஆகவே நெடுஞ்சாலையில் அதே சோம்பல், அதே கிளட்ச் வாடை. மணலில் இன்னொரு தொல்லை: சக்கர வேகம் வேண்டிய இடத்தில் 4:1 லோ இழுத்துப் பிடிக்கும், ஹை ரேஞ்ச் திணறும். போதாததற்கு, லோவில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கும் அதன் மூட்டான கிராஸுக்கும் போகும் முறுக்கு விசை ஏறக்குறைய 47 சதவீதம் கூடும். ஆக்சில் கியரில் அந்தச் சுமை ஷாஃப்ட்டுக்கு வராது. எண் கூடக்கூடப் பினியன் சின்னதாகிப் பலம் குறைவது அதன் குறை. பெரிய டயர் போட்டு அன்றாடம் ஓட்டும் வண்டி என்றால் ஆக்சில் கியர்தான், இதில் எனக்குத் தயக்கமில்லை. டயர் சின்னதாகவே இருந்து, பாறையும் செங்குத்து இறக்கமும்தான் வேலை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஜெயிக்கும். இரண்டு ஆக்சிலைத் திறக்க வேண்டாம், ஒரு பெட்டியோடு வேலை முடியும்.

ஆக்சில் கியரில் ஒரு பொறி உண்டு. ராங்ளரில் வரும் டானா 30 முன் ஆக்சிலில் 3.54 வரை ஒரு கேரியர் (கிரவுன் பொருந்தும் கூடு), 3.73-லிருந்து வேறு கேரியர். 3.07 வண்டிக்கு, சும்மா ஒரு படி ஏற்றலாம் என்று 3.73 வாங்கினால் கேரியரும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தச் செலவு எப்படியும் உண்டு என்றான பிறகு 4.10 அல்லது 4.56-க்கே போய்விடுங்கள். பின்னால் டானா 35 இருந்தால் கியருக்குக் காசு கொட்டும் முன் யோசியுங்கள். 33 டயரும் லாக்கரும் சேர்ந்தால் அதன் ஆக்சில் ஷாஃப்ட் தாங்குவது சந்தேகம். ஏற்கெனவே வேண்டிய விகிதம் உள்ள, அதைவிடப் பலமான டானா 44 ஒன்று பழையதாகக் கிடைத்தால், முன்னும் அதே விகிதத்துக்கு வரும்படி பார்த்து, முழு ஆக்சிலையே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கியர் பொருத்துவதை மட்டும் பழகாத கையிடம் கொடுக்காதீர்கள். பற்களில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, பதிவு பல்லின் நடுவில் விழும்வரை ஷிம் (மெல்லிய தகடு) மாற்றி மாற்றிப் போட வேண்டிய வேலை அது. வண்டி கைக்கு வந்ததும் முதல் ஓட்டம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு மறுபடி எடுங்கள். சுமார் 800 கிலோமீட்டரில் டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றுங்கள். அதுவரை பாரம் இழுப்பதும் பாறை ஏறுவதும் வேண்டாம்.