ஹாபர்க்கும் பிரின்யாவும்: ஒரே சட்டைக்கு இரு பெயர்கள்

இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் அணிந்த இரும்பு வளையச் சட்டைக்கு வழங்கிய பெயர்களுள் ஹாபர்க், பிரின்யா ஆகிய இரண்டும் ஜெர்மானிய மொழிகளின் வழியாகவே பரவின; ஆனால் அவை இறுதியில் சென்று சேர்ந்த இடங்கள் முற்றிலும் வேறு.

ஹாபர்க்கின் மூலம், ஜெர்மானிய இனத்தவரான பிராங்கியரின் ‘ஹல்ஸ்பெர்க்’. ‘ஹல்ஸ்’ என்றால் கழுத்து, ‘பெர்க்’ என்றால் காப்பு. கழுத்துக் காப்பைக் குறித்த சொல் முழுச் சட்டைக்குமே பெயராக விரிந்து, பழைய பிரெஞ்சில் ‘ஓபெர்க்’ என்றும் இத்தாலியத்தில் ‘உஸ்பெர்கோ’ என்றும் உருமாறியது. பழைய ஆங்கிலத்தில் இதே கூட்டுச்சொல் ‘ஹெயல்ஸ்பெயோர்க்’ என்ற வடிவில் முன்பே இருந்தும், இன்றைய ஆங்கிலச் சொல் பிரெஞ்சின் வழியாகச் சுற்றி வந்ததே என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பிரின்யா, ஸ்காண்டிநேவியரின் பண்டைய மொழியான பழைய நோர்ஸின் வடிவம்; மற்றொரு பண்டைய ஜெர்மானிய மொழியான கோத்தியத்தில் அது ‘புருன்யோ’, பழைய ஆங்கிலத்தில் ‘பிர்னே’. மார்பைக் குறிக்கும் கெல்டியச் சொல்லிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இச்சொல்லும் ‘புரொய்ன்’ என்று பிரெஞ்சில் நுழைந்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய பிரெஞ்சு வீரகாவியமான ரோலண்டின் பாடலில் இரண்டு சொற்களுமே காணப்படுகின்றன.

பிரெஞ்சில் ஹாபர்க் வென்றது. ஆயினும் வாழ்வின் நீளத்தை அளவுகோலாகக் கொண்டால் பிரின்யாவையே நான் உயர்த்திச் சொல்வேன். ஏனெனில் ஹாபர்க் வரலாற்று நூல்களுக்குள் ஒதுங்கிவிட, ஸ்லாவிய மொழிகளுக்குள் புகுந்த பிரின்யா ரஷ்ய மொழியில் ‘புரொன்யா’ ஆகி, இன்று பீரங்கி வண்டியின் எஃகுக் கவசத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாக வழங்குகிறது.