வாசல் கடையா, ஊருக்குள் மெஸ்ஸா? அணைக்கரை மீன் சாப்பாடு: ஓர் ஒப்பீடு

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஆறு நாள் பனியன் கம்பெனியிலோ மஞ்சள் மண்டியிலோ நின்றுவிட்டு, ஏழாம் நாள் கொஞ்சம் தண்ணீரையும் காற்றையும் பார்க்க விரும்பும் குடும்பம், அணைக்கட்டுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறது. கரையில் நடந்து, பிள்ளைகளை நனையவிட்டு, பசி எடுத்ததும் மீன் சாப்பிட்டுத் திரும்புவது எங்கள் பக்கத்தில் தலைமுறையாய் நிலைத்துவிட்ட வழக்கம். கோபிசெட்டிபாளையத்தில் குடியிருப்பதால் கொடிவேரியும் பவானிசாகரும் எனக்கு அரை நாள் பயணத்துக்குள் அடங்கும். மேட்டூருக்கு ஒரு நாளை ஒதுக்க வேண்டும். இந்த மூன்று கரைகளிலும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று கேட்கும் உறவினர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய விடையை இங்கே முறையாக எழுதிப் பார்க்கிறேன்.

எந்த அணை என்பதை விட, அணையின் வாசலில் இருக்கும் பொரிப்புக் கடையா, ஊருக்குள் இருக்கும் மெஸ்ஸா என்பதுதான் முதலில் தீர்மானிக்க வேண்டியது என்பது என் கருத்து. மீன் தண்ணீரிலிருந்து எப்போது வெளியே வந்தது, அதைப் பொரிக்கும் எண்ணெய் எப்போது சட்டியில் ஊற்றப்பட்டது, வயதானவர்கள் உட்காரவும் கை கழுவவும் இடம் உண்டா என்ற மூன்றையும் வைத்தே நான் ஒரு கடையை எடைபோடுகிறேன். சுவை இந்த மூன்றுக்கும் பின்னால் தானாக வந்துவிடும்.

மீனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பலகையில் "அணை மீன்" என்று எழுதியிருப்பதால் அது நம் ஆற்றின் பூர்வீக மீன் என்று எண்ண வேண்டியதில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். குஞ்சுகளாகக் கொண்டுவந்து நீர்த்தேக்கத்தில் விட்டு வளர்க்கப்படுபவை. ஜிலேபி என்று நாம் அழைக்கும் மீன் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-இல்தான் இந்தியாவுக்குள் வந்தது. கெளுத்தி, ஆரால், வாளை, விரால் ஆகியவையே நம் ஆற்றுக்காரர்கள். ஆனால் ஒரு மீன் எந்த ஆற்றில் தோன்றியது என்பதால் அதன் ருசி கூடிவிடுவதில்லை. காலையில் வலையில் வந்த கட்லா, நேற்றைய விராலை எளிதாக வென்றுவிடும்.

முதலில் கொடிவேரி. பவானி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இந்தப் பழைய தடுப்பணையிலிருந்துதான் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிந்து கோபிப் பக்கத்து நெல் வயல்களுக்குப் பாய்கின்றன. தண்ணீர் அகலமாக வழிந்து விழுவதால் குளிக்க ஏற்ற இடம், பரிசலும் உண்டு. குளித்து முடித்து ஈரத் தலையோடு வெளியே வந்தவுடன் மூக்கைப் பிடிப்பது மீன் பொரியும் வாசம்தான். இங்கே உணவு என்றால் பெரும்பாலும் நின்றபடியோ முக்காலியில் அமர்ந்தோ சாப்பிடும் பொரித்த மீன். மசால் தடவிய துண்டுகளைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். கை காட்டினால் எண்ணெயில் போட்டு எடுத்து, வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் வைத்துத் தருவார்கள். குளிர்ந்த உடம்புக்குச் சுடச்சுட அந்த முதல் துண்டு கொடுக்கும் நிறைவை வேறு எந்த மெஸ்ஸும் கொடுக்காது என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நிறைவு பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வருகிறவர்களுக்கே உரியது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அதே கடையின் வாணலியைப் பாருங்கள்: எண்ணெய் கறுத்து, அடியில் மசால் கரியாகப் படிந்து, மேலே நுரை கட்டி நிற்கும். மறுபடி மறுபடி காய்ந்த எண்ணெய்க்குச் சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பொரிக்கும் எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அளவுக் கருவி நம் கையில் இல்லை என்றாலும் கண்ணும் மூக்கும் போதும். எண்ணெய் காயும்போதே தொண்டை கரகரத்தால், வாணலியின் அடி தெரியாத அளவுக்கு எண்ணெய் கறுத்திருந்தால், அங்கே நிற்காமல் நகர்ந்துவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அணைக்கரையில் இதைப் பொருட்படுத்தாமல் சாப்பிட்டதில் என் அம்மா இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அன்று நான் பார்த்தது துண்டின் சிவப்பு நிறத்தை மட்டும்தான். அந்த நிறம் மிளகாயால் வந்ததா, நிறப்பொடியால் வந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். விரலில் ஒட்டி, கழுவிய பிறகும் போகாத சிவப்பு என்றால் சந்தேகப்படுவது நல்லது.

பவானிசாகர் வேறு மாதிரியான இடம். பவானியும் மோயாறும் கூடும் இடத்துக்குக் கீழே 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் கரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளும் மண் கரை. அணையைக் கட்ட வந்தவர்களுக்காக எழுந்த குடியிருப்புதான் இன்றைய ஊர். ஆகவே இங்கே சுற்றுலாப் பயணியை நம்பும் கடைகளும் உண்டு, ஊர்க்காரரை நம்பும் கடைகளும் உண்டு. பூங்கா வாசலை ஒட்டிய கடைகள் கொடிவேரிக் கடைகளின் உறவினர்கள்தாம்: அதே தட்டு, அதே மசால், அதே அவசரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறவர் மீண்டும் வருவாரா என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அதனால் அவரைத் தக்கவைக்க வேண்டிய கட்டாயமும் குறைவு. ஊருக்குள் இருக்கும் மெஸ்ஸிலோ, செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட அலுவலகக்காரரும் லாரி ஓட்டுநரும் புதன்கிழமையும் வந்து உட்கார வேண்டும். குழம்பு ஒரு நாள் கெட்டால் மறுநாள் பந்தி காலியாகிவிடும். இரண்டுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடாக நான் கருதுவது இதைத்தான்.

அப்படி ஒரு மெஸ், வீட்டின் முன்கூடத்தை ஒதுக்கிப் பெஞ்சு போட்ட இடம், சென்ற தை மாதம் நான் சாப்பிட்டது. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. உள்ளே போனதும் அந்த அம்மா, "ஏனுங் தம்பி, வாலுப் பக்கம் வெக்கட்டுங்களா, வயித்துப் பக்கம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். வால் பக்கம் முள் மிகுதி, சதை இறுக்கம். வயிற்றுப் பக்கம் கொழுப்பு, முள் குறைவு. பொரிப்புக் கடையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மீன் எப்போது வந்தது என்று நான் கேட்க, அவர் பதில் சொல்லாமல் தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, வெட்டாத கட்லா ஒன்றின் செவுளைப் பெருவிரலால் தூக்கிக் காட்டினார். இரத்தச் சிவப்பு. கண் மங்காமல் புடைத்திருந்தது. முதுகில் விரலை அழுத்தி எடுத்ததும் குழி உடனே நிரம்பிவிட்டது. "வெடியக்காலைல வந்ததுங், பொழுது சாஞ்சா இருக்காதுங்" என்றார்.

அங்கே இலையில் வந்த குழம்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. நன்னீர் மீனுக்கு இயல்பாகவே ஒரு சேற்று வாசம் உண்டு; நீர்த்தேக்கத்தின் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் தங்குவதால் அது வருகிறது. புளிப்பு பட்டால் அந்தப் பொருள் சிதைந்துவிடும். கல் உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் கழுவி, புளியை முன்கூட்டியே கரைத்துக் கொதிக்கவிட்டு, மீனைக் கடைசியில் போடுகிற நம் பாட்டிமார்களின் கைமுறைக்குள் இந்த அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. வறுத்த கொத்தமல்லியும் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து ஆட்டிய அந்தக் குழம்பில் தேங்காய் அளவோடுதான் இருந்தது. கடலை எண்ணெய் மேலே மெல்லியதாக மிதந்தது. சேற்று வாசத்தின் சாயல்கூட இல்லை. அணை மீனின் தரத்தைச் சோதிக்க வேண்டுமானால் குழம்பில்தான் சோதிக்க வேண்டும் என்று அன்று எனக்கு உறுதிப்பட்டது. பழைய மீனை மசாலும் மாவும் போட்டுப் பொரித்து மறைத்துவிடலாம். குழம்பில் அது உதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மெஸ்ஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். பகல் இரண்டரை மணிக்கு மேல் போனால் சோறும் ரசமும்தான் மிஞ்சும். கூட்டம் பத்துப் பேருக்கு மேல் தாங்காது. பிள்ளைகள் விளையாட இடம் கிடையாது. குளித்துவிட்டு ஈர உடையோடு வந்து உட்கார முடியாது. பொரித்த மீன் கேட்டால் தோசைக்கல்லில் குறைந்த எண்ணெயில் வறுத்துத் தருவார்கள்; மொறுமொறுப்பை எதிர்பார்க்கிற பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை.

மேட்டூருக்கு வந்தால் அளவே மாறிவிடுகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட, 120 அடிக்குத் தண்ணீர் நிற்கும், 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் என்பதால் மீன் வகைக்குப் பஞ்சமில்லை. கட்லா, ரோகுவோடு கெளுத்தி, வாளை, ஆரால், அரஞ்சான் என்று நல்ல நாளில் ஏழெட்டு வகைகளைப் பார்க்கலாம். முழு மீனைத் தேர்ந்தெடுத்து, எடை போட்டு, அங்கேயே வெட்டிப் பொரித்து வாங்கும் வசதி இந்தக் கரையின் பெரிய பலம். பவானிசாகர் மெஸ்ஸில் அந்த அம்மா காட்டியதை இங்கே நாமே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆரால் கிடைத்தால் விடாதீர்கள். நடு முள்ளைத் தவிர வேறு முள் அதிகம் இல்லை, சதை இனிக்கும். ஆனால் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் பந்தி என்ற கணக்கில் மேட்டூர் எனக்குப் பவானிசாகருக்குப் பின்னால்தான் வருகிறது. வெயில் காலத்தில் அந்தக் கரையில் பகல் சாப்பாடு முதியவர்களுக்கு ஒரு தண்டனை.

பொள்ளாச்சிக்காரர்கள் ஆழியாறை விட்டுவிட்டேன் என்று கோபிப்பார்கள். வால்பாறை மலையேறும் வழியில் நிறுத்திச் சாப்பிட அது நல்ல இடம்தான். சாப்பாட்டுக்கென்றே இங்கிருந்து புறப்பட்டுப் போகும் இடமாக அதை நான் இன்னும் அறியவில்லை.

மீனுக்கே போட்டியாக நிற்கும் இன்னொரு வழியையும் இங்கே வைக்க வேண்டும். தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கறி மெஸ்ஸில் சாப்பிடுவது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையான பள்ளிபாளையத்தின் பெயர் தாங்கிய கோழி வறுவலில் மசால் பொடி எதுவும் சேராது. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, அவ்வளவே. இலையில் வெள்ளாட்டுக் கறி, குடல், இரத்தப் பொரியல், கடைசியில் ரசம் என்று வரிசை கட்டும் பெருந்துறைப் பக்கத்துச் சாப்பாட்டுக்கு இன்று வெளியூரிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். ஈரோட்டில் 1960-இல் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா இந்தக் கைமணத்தைச் சென்னைவரை கொண்டுபோய்விட்டது. முள்ளுக்குப் பயப்படும் குழந்தைகளும் பல் இல்லாத பெரியவர்களும் சேர்ந்து வரும் குடும்பத்துக்குக் கறி மெஸ்தான் பாதுகாப்பான தேர்வு; இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆட்டுக்கறியை வாரம் முழுதும் எங்கும் சாப்பிடலாம். காலையில் பிடித்த மீனை அணைக்கரையில்தான் சாப்பிட முடியும்.

செலவைப் பொறுத்தவரை, துண்டுக் கணக்கில் விற்கும் கடை மலிவாகத் தோன்றும். நான்கு பேர் இரண்டாவது முறை கை நீட்டியதும் கணக்கு மெஸ் சாப்பாட்டைத் தாண்டிவிடும், வயிறும் நிறைந்திருக்காது. முழு மீனாக எடை போட்டு வாங்கும்போது தலை, செதில், குடல் என்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, வெட்டுக்கூலியும் பொரிப்புக்கூலியும் விலைக்குள் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கட்லாவின் தலை பெரியது. அதைக் கழிவென்று விட்டுவிடாமல் வாங்கிக்கொண்டால் வீட்டில் மறுநாள் குழம்புக்கு ஆகும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும்போது கோவை உக்கடம் மீன் சந்தைக்கும் கடல் மீன் வரத்து குறைந்து, அணை மீனைத் தேடுவோர் பெருகுகிறார்கள். அந்த நாட்களில் பெட்டியில் இருப்பது எத்தனை நாள் பனிக்கட்டியில் கிடந்தது என்று வழக்கத்தை விடக் கவனமாகக் கேளுங்கள். ஆற்றில் தண்ணீர் பெருக்கெடுத்தால் கொடிவேரிக்குள் அனுமதி இருக்காது; புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆடிப்பெருக்கு அன்று எந்தக் கரையிலும் நிதானமான சாப்பாடு கிடைக்காது. நாங்கள் அன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்விடுகிறோம்.

இளவட்டங்கள் நால்வர், குளியல் முக்கியம் என்றால் காலை பத்து மணிக்கே கொடிவேரி. முதல் எண்ணெய் மீன் கிடைக்கும். மீனின் வகைக்காகப் போகிறவர்களுக்கு மேட்டூர். அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு, ஒரு வேளைச் சாப்பாட்டை இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் பவானிசாகரின் உள்தெரு. அங்கே போகிறவர்கள் பூங்காவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மெஸ்ஸில் தலை எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, தலைக் குழம்பு வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அணையைப் பார்க்கப் போக வேண்டும். ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் இலை போட்டிருப்பார்கள்.