டார் புரதத்தைப் படிக்க ஈஸ்டா, மனித செல்லா?

உணவு இருக்கிறதா, வளரலாமா என்று செல்லுக்குள் முடிவெடுப்பதில் டார் புரதத்துக்குப் பெரிய பங்கு. அதில் ப்ராஜெக்ட் எடுக்கும் மாணவர்கள் பலர் எதில் தொடங்குவது என்று திணறுகிறார்கள்.

செலவு
ஈஸ்ட்: குளுக்கோஸ், பெப்டோன், ஈஸ்ட் சாறு, 30 டிகிரியில் ஒரு ஷேக்கர். போதும்.
மனித செல்: 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர். அப்புறம் சீரம் (ரத்தத்திலிருந்து எடுக்கும் திரவம்), அதன் விலையே பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

வேகம்
ஈஸ்ட்: நல்ல வளர்ப்புக் கரைசலில் சுமார் 90 நிமிடத்தில் இரட்டிப்பாகும்.
மனித செல்: பெரும்பாலும் ஒரு நாள், சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

பராமரிப்பு
ஈஸ்ட்: கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் பல வருடம் தாங்கும்.
மனித செல்: திரவ நைட்ரஜன் வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா புகுந்தால் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, தவறாமல் சோதியுங்கள்.

உணரும் விதம்
இதுதான் முக்கியம். டார் மரபணுக்களே 1991ல் சுவிட்சர்லாந்தின் பாசலில், டாரைத் தடுக்கும் ராபமைசின் மருந்துக்கு அசையாத ஈஸ்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அமினோ அமிலச் செய்தியை டாருக்குக் கடத்தும் ராக் புரதங்கள் மனித செல்லில் லைசோசோம் (கழிவைச் சிதைக்கும் பை) மேல் இருக்கின்றன. ஈஸ்டில் அதே வேலையை அதற்கு இணையான வாக்குவோல் மேல் ஜிடிஆர்1, ஜிடிஆர்2 புரதங்கள் செய்கின்றன. ஆனால் லியூசின் என்ற அமினோ அமிலத்தை உணரும் செஸ்ட்ரின்2 புரதம் ஈஸ்டில் இல்லை. இன்சுலின் செய்தியும் அங்கே கிடையாது.

மரபணுவை நீக்கி, ராபமைசின் கலந்த வளர்ப்புத் தட்டில் வளர்ச்சியைப் பார்க்கும் கேள்வி என்றால் ஈஸ்ட். இன்சுலின், புற்றுநோய் மருந்து என்றால் மனித செல்தான், வேறு வழியில்லை. கையில் ஆறே மாதம் இருந்தால் ஈஸ்டுக்கு ஏற்ற கேள்வியாகத் தேர்ந்தெடுங்கள்.