பொத்தான் துளையில் ஒரு ரிப்பன்: மதுரை ஸ்டூடியோ ஒன்றின் ஸ்கேன் சேவை

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், குறுகிய மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு பழைய ஸ்டூடியோவில் ஐந்து படங்களைக் கொடுத்து வாங்கிய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. பழைய படங்களை ஸ்கேன் செய்வது, பழுது நீக்குவது, வண்ணமேற்றுவது ஆகிய மூன்றும் அங்கே நடக்கின்றன. முதலாவதைத் தயங்காமல் கொடுக்கலாம். மற்ற இரண்டையும் கொடுக்கும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவோடு இத்தாலிக்குப் போய்வந்த என் தாத்தா, ஜெர்மானிய அதிகாரிகளின் நான்கு அஞ்சலட்டைப் படங்களையும் ஒரு நெகட்டிவையும் கொண்டுவந்திருந்தார். உசிலம்பட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் ராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சியவை இவைதாம். பெயரோ தேதியோ எதிலும் இல்லை. ஆகவே அவர்கள் நெஞ்சில் அணிந்திருக்கும் விருதுகளை வைத்துத்தான் படம் எந்தக் காலத்தது, அணிந்தவர் எந்தப் போரைக் கண்டவர் என்று ஊகிக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், ஸ்கேன் செய்து கொடுத்தார்கள். குடும்பப் படத்துக்கு அது தாராளமாகப் போதும், இந்த வேலைக்குப் போதாது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஜெர்மானியப் படையில் தரப்பட்ட வீர விருதான இரும்புச் சிலுவையின் அகலம் ஏறக்குறைய 44 மில்லிமீட்டர். 9க்கு 14 சென்டிமீட்டர் அஞ்சலட்டையில் இடுப்பளவு எடுத்த படத்தில் அது ஆறு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்; அதன் கீழ்க்கரத்தில் உள்ள ஆண்டு எழுத்துகள் அரை மில்லிமீட்டர் உயரம் இருந்தால் அதிகம். 300 டிபிஐயில் அரை மில்லிமீட்டருக்குக் கிடைப்பவை ஆறே புள்ளிகள். 1200 டிபிஐயில் 24 புள்ளிகள் கிடைக்கும். 1914 என்றிருக்கிறதா, 1939 என்றிருக்கிறதா என்பதை அந்த 24 புள்ளிகளில்தான் படிக்க முடிகிறது. இதை விளக்கியதும் முகம் சுளிக்காமல் மறுபடியும் செய்து கொடுத்தார்கள். படத்துக்கு 120 ரூபாய். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லி நாமேதான் கேட்க வேண்டும். அக்ஃபா, மிமோசா போன்ற தாள் நிறுவனங்களின் பெயர் அச்சாகியிருப்பது அங்கேதான்.

கல்லாவில் இருந்த பெரியவர் சிலுவையைப் பார்த்துவிட்டு, "எம்டன் கப்பல் ஆளா சார்?" என்று கேட்டார். கெட்டிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் ஊரில் வேறு எப்படிக் கேட்பார்கள்! 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைச் சுட்ட அந்தக் கப்பலின் காலத்துச் சிலுவையாக இருந்தால் மேல்கரத்தில் கிரீடமும், நடுவில் வில்ஹெல்ம் மன்னரைக் குறிக்கும் டபிள்யூ எழுத்தும் இருக்கும். 1939இல் மறுபடி ஏற்படுத்தியபோது நடுவில் ஸ்வஸ்திக் சின்னத்தைப் பொறித்தார்கள். என் படங்களில் இரண்டில் ஸ்வஸ்திக் இருந்தது. மூன்றாவதில் டபிள்யூ இருந்தது.

அந்த மூன்றாவது படத்தை வைத்தே வண்ணமேற்றும் வேலையை எடை போடலாம். முகத்தில் சுருக்கம் விழுந்த, ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர். இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையை அன்றாடம் முழுதாக அணிவதில்லை. அதன் ரிப்பனை மட்டும் சட்டையின் இரண்டாம் பொத்தான் துளையில் செருகிக்கொள்வது வழக்கம். இவருடைய ரிப்பனின் மேல் ஒரு சிறிய கழுகும், அதன் காலடியில் ஒரு பட்டையும் இருந்தன. முதல் உலகப் போரில் சிலுவை பெற்றவர் இரண்டாம் போரிலும் அதே தகுதியைப் பெற்றால், புதுச் சிலுவைக்குப் பதிலாக 1939 என்று பொறித்த இந்தக் கொக்கியைத் தருவார்கள். அந்த மனிதரின் கால் நூற்றாண்டு அந்தச் சின்னக் கொக்கிக்குள் இருக்கிறது. ஸ்டூடியோவின் கணினி அதைக் கூடுதலான ஒரு பொத்தானாக மாற்றி, பளபளவென்று பித்தளை நிறமும் பூசியிருந்தது.

ரிப்பன் விஷயத்தில் கணினியை மட்டும் குறை சொல்ல முடியாது. அன்றைக்குப் புழக்கத்திலிருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகவே காட்டும். 1939 ரிப்பனின் நடுப்பகுதி சிவப்பு, இருபுறமும் வெள்ளை, ஓரங்களில் கறுப்பு. 1914இல் போர்முனையில் இருந்தவர்களுக்குத் தந்த ரிப்பனோ கறுப்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள். படத்தில் இரண்டும் இரட்டைப் பிறவிகள் போலத் தெரியும். 1914 ரிப்பனில் வெள்ளைக் கோடுகள் விளிம்பை ஒட்டி ஓடுவதால் வெளிக் கறுப்பு மெல்லியதாக இருக்கும் என்பதே அடையாளம். மெல்லிய வெள்ளைக் கோடுகள் நட்டநடுவில் நெருங்கி நின்றால், அது 1941–42 குளிர்காலத்தில் கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்கான பதக்கத்தின் ரிப்பன். இந்த நூலிழை வித்தியாசங்களை எல்லாம் அடர்நீலத்தில் முக்கி எடுத்துவிட்டது கணினி.

இன்னொரு படத்தில் இடப்பக்கப் பையின் கீழே நீள்வட்டமாக ஒன்று இருந்தது. குறுக்காக வைத்த இரண்டு வாள்கள், அவற்றின் மேல் ஒரு இரும்புத் தொப்பி: 1918 மார்ச் மாதம் ஏற்படுத்தப்பட்டு, 1939இல் புதுப்பிக்கப்பட்ட காயப் பதக்கம். ஓரிரு காயங்களுக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, அதற்கு மேல் பொன் என்று மூன்று நிலைகள். பழுது நீக்கிய பிரதியில் அந்த இடம் துடைத்துவைத்த கல் போலச் சுத்தமாக இருந்தது. கறை என்று நினைத்து அழித்துவிட்டோம் என்றார் கணினியில் இருந்த தம்பி. பழுது நீக்கி வண்ணமேற்ற ஒரு படத்துக்கு 500 ரூபாய் வீதம் இரண்டு படங்களுக்கு 1,000 ரூபாய் போனதில் எனக்கு வருத்தம்தான்.

நெகட்டிவைப் புரட்டிப்போட்டு ஸ்கேன் செய்ததும் நடந்தது. முதல் வகுப்புச் சிலுவை அணிந்தவரின் இடப்பக்கம் இருக்க வேண்டியது. தரைப்படைச் சீருடையில் கழுகுச் சின்னம் வலப்பக்கப் பைக்கு மேல் வரும். இரண்டும் இடம் மாறியிருந்ததைக் காட்டியதும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள். இரும்புச் சிலுவையின் உயர்ந்த நிலையான, கழுத்தில் தொங்கும் வீரச் சிலுவை (நைட்ஸ் கிராஸ்) என் படங்களில் இல்லை. அது ஏறத்தாழ 7,300 பேருக்கே கிடைத்தது என்பதாலும், விருதுகளைப் படத்தில் தூரிகையால் வரைந்து சேர்ப்பதும் அந்தக் காலத்தில் உண்டு என்பதாலும், அதைக் காண்பவர்கள் முதலில் 1200 டிபிஐ பிரதியில் அதன் விளிம்புகளைப் பார்ப்பது நல்லது.

மூலப் படங்களை ஓரம் பிடித்துத்தான் எடுத்தார்கள், ஆல்பத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்க்கவில்லை, சொன்ன நாளில் கொடுத்தார்கள். கோப்புகளை ஜேபெக்கில் வாங்காமல் டிஃப் வடிவில் கேட்டு வாங்குங்கள். பென்டிரைவ் நாம்தான் கொண்டுபோக வேண்டும். சித்திரைத் தேரோட்டத்தன்று அந்தப் பக்கம் போக நினைக்க வேண்டாம்.