பூனையின் சிறுநீர்ப் பிரச்சினைக்கு 'அமைதி டிஃப்யூசர்' வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

"மன அழுத்தத்தால் வரும் சிறுநீர்ப் பிரச்சினைக்கு இயற்கைத் தீர்வு. 21 நாள் போதும். மருத்துவரே வேண்டாம்." இப்படி விளம்பரம் போட்டு, சுவரில் செருகும் ஒரு டிஃப்யூசரையும் ஒரு சொட்டு மருந்துப் பாட்டிலையும் செட்டாக இணையத்தில் விற்கிறார்கள். நான் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது ஒன்று, பெட்டியில் வந்தது வேறொன்று. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அவர்கள் கொடுத்த ஆலோசனையைக் கேட்டிருந்தால் பூனையே போயிருக்கும். விற்றவர்களின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள், அதனால் பெயரைவிட அவர்களுடைய பாணியைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

என் பூனை ஆண், கருத்தடை செய்யப்பட்டது, வீட்டை விட்டு வெளியே போகாதது, கொஞ்சம் குண்டு. இந்த நோய் அதிகம் வருவது இப்படிப்பட்ட பூனைகளுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்கு இரண்டாவது பூனை வந்ததும் இவன் மணல் தட்டை விட்டுவிட்டுக் குளியலறைத் தரையில் துளித்துளியாகப் போக ஆரம்பித்தான், அதில் ரத்தமும் கலந்திருந்தது. மருத்துவர் சிறுநீரைச் சோதித்து, ஸ்கேனும் பார்த்தார். கிருமித்தொற்று இல்லை, கல்லும் இல்லை. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி என்றார். பத்து வயதுக்குள் இருக்கும் பூனைகள் சிறுநீர்த் தொல்லையோடு வந்தால் பாதிக்கும் மேல் இதுதானாம். மன அழுத்தம் இதைக் கிளப்பிவிடும். வலி மருந்து கொடுத்தார், ஈர உணவுக்கு மாற்றச் சொன்னார், மணல் தட்டுகளின் எண்ணிக்கையை அதிகமாக்கச் சொன்னார். "வேண்டுமானால் ஃபெரோமோன் டிஃப்யூசரும் கூடவே போட்டுப் பாருங்கள்" என்றார். பூனைகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல உடம்பிலிருந்து வெளியிடும் பொருள்தான் ஃபெரோமோன்; அதைக் காற்றில் பரப்பிப் பூனையை அமைதிப்படுத்தப் பார்க்கும் கருவி இது. அதைத் தேடப் போனபோதுதான் இவர்கள் வலையில் விழுந்தேன்.

பக்கம் முழுக்க ஃபெரோமோன், ஃபெரோமோன் என்றுதான் இருந்தது. பெட்டியைப் பிரித்தால், பாட்டிலின் மேல் கோணலாக ஒட்டிய ஒரு ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் நெம்பினால் அடியில் பழைய லேபிள்: லேவண்டர் எண்ணெய், பெப்பர்மின்ட் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய். செருகிப் பார்க்கவே தேவையில்லை, மூடியைத் திறந்ததும் அறை முழுக்க மணந்தது. உண்மையான ஃபெரோமோன் நம் மூக்குக்குத் தெரியாது. பூனை கன்னத்தை மேசைக் காலில் தேய்க்கும்போது விட்டுச்செல்லும் பொருளின் செயற்கை நகல் அது. மணக்கிறது என்றாலே உள்ளே வேறு சங்கதி இருக்கிறது.

வாசனைதானே, என்ன கெட்டுப் போச்சு என்று நினைக்காதீர்கள். இந்த எண்ணெய்களில் உள்ள பல சேர்மங்களை நம் கல்லீரல் சிதைப்பதுபோல் பூனையின் கல்லீரலால் சிதைக்க முடியாது, அதற்கான நொதி அதனிடம் மிகக் குறைவு. பாரசிட்டமால் பூனைக்கு விஷமாவதும் பெரும்பாலும் இந்தக் குறையால்தான். காற்றில் பரவும் நுண்துளிகள் ரோமத்தில் படியும், அதை நக்கி நக்கியே பூனை விழுங்கும். எச்சில் ஒழுகல், தள்ளாட்டம், வாந்தி என்று ஆரம்பித்துக் கல்லீரல் வரை போகலாம். டீ ட்ரீ எண்ணெய் இன்னும் மோசம்.

டிஃப்யூசரை மூடி வைத்துவிட்டு விற்பனையாளரின் சாட்டில் கேட்டேன். 'பூனை நடத்தை நிபுணர்' என்று போட்டுக்கொண்ட ஒருவர் வந்தார். "இது நூறு சதவீதம் இயற்கை, குழந்தைக்கே ஒன்றும் ஆகாது, நீங்கள் பயப்பட்டால் அந்தப் பயம் பூனைக்கும் தொற்றும்" என்றார். அரளிகூட இயற்கைதான் என்று எழுதினேன். ஒரு சிரிப்பு எமோஜி வந்தது.

அடுத்தது சொட்டு மருந்து. பாட்டிலில் 'மூலிகைக் கலவை' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதைக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஓர் இரவு இவன் மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். குந்தி உட்கார்ந்து முக்குகிறான், அடித்தொண்டையில் கத்துகிறான், இறங்கி வந்து அடியில் நக்குகிறான். மணலைக் கிளறிப் பார்த்தால் ஓர் உருண்டைகூட இல்லை. எல்லாமே காய்ந்த மணல். மருத்துவமனைக்குப் போன் போட்டேன். "உடனே கொண்டு வாருங்கள். அந்தச் சொட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்கள். வண்டியில் போய்க்கொண்டே சாட்டில் கேட்டேன். வந்த பதில் இது: "கலவை எங்கள் ரகசியம். இது குணமாவதற்கு முன் வரும் கொந்தளிப்பு, உடம்பு நச்சை வெளியேற்றுகிறது. அளவை இரட்டிப்பாக்குங்கள். ஆஸ்பத்திரி போனால் டியூப் போட்டுக் காசு பிடுங்குவார்கள்."

டியூப் போட்டார்கள்தான். அதனால்தான் பிழைத்தான். சிறுநீர்ப்பாதை அடைத்திருந்தது, பை விம்மிப்போய் வயிற்றைத் தொட்டாலே கையில் தட்டுப்பட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து, கதீட்டர் நுழைத்து, டிரிப் ஏற்றினார்கள். சேகரிப்புப் பையில் முதலில் இறங்கியது காப்பிக் கஷாய நிறத்தில் இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நீளமானது, நுனியில் மிகக் குறுகலானது. அழற்சியால் உதிரும் சளியும் செல்களும் படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துவிடும், சில சமயம் வெறும் தசை இறுக்கமே போதும். அடைத்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நிலைமை உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஏறுகிற பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைப்பவர்கள் நிறைய. சிறுநீர் வராமல் முக்கும் ஆண் பூனைக்கு வீட்டில் செய்ய ஒரு வைத்தியமும் கிடையாது. வாந்தி எடுத்தாலோ, துவண்டு போனாலோ ஏற்கெனவே தாமதம் என்று அர்த்தம்.

அப்படியானால் அந்தப் பக்கத்தில் ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் குவிந்திருப்பது எப்படி? எல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அடைப்பு இல்லாத அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும், எதைக் கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும். இவர்கள் 21 நாள் கெடு வைப்பதன் சூட்சுமம் இதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 2004-ல் 40 பூனைகளை வைத்து இந்த அழற்சிக்குக் கொடுக்கப்படும் குளுக்கோசமைன் என்ற துணைமருந்தைச் சோதித்தார்கள்: ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு வெறும் மாவு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறின. பல பூனைகளுக்கு ஈர உணவு கொடுக்க ஆரம்பித்து சிறுநீர் நீர்த்துப்போனதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மருந்து எடுக்காத பூனையின் சொந்தக்காரர்களும் அன்றைக்கு ஐந்து நட்சத்திரம்தான் கொடுத்திருப்பார்கள்.

அமைதிப்படுத்தும் பொருள்கள் எல்லாமே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிஜமான ஃபெரோமோன் டிஃப்யூசர் இருக்கிறது, ஒரு ரீஃபில் சுமார் 30 நாள் வரும். இந்த அழற்சிக்கு அது எவ்வளவு உதவும் என்று பார்த்த ஒரு சிறிய ஆய்வும் 2004-ல் வந்தது, புள்ளிவிவரப்படி உறுதியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பால் புரதத்திலிருந்து எடுக்கும் ஆல்பா காசோசெபைன், எல்-தியானைன், டிரிப்டோபன் சேர்த்த சிறப்பு உணவுகள் என்று இன்னும் சில உண்டு. பெரிய தீங்கில்லை, சில பூனைகளுக்குக் கொஞ்சம் உதவும். கூடுதல் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பலன் அதிகம் தெரிவது விற்க முடியாத விஷயங்களில். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் குழு 2006-ல் 46 பூனைகளின் வீட்டுச் சூழலையே மாற்றி, பத்து மாதம் கவனித்தது. சிறுநீர்த் தொல்லையும் குறைந்தது, பயமும் பதற்றமும் குறைந்தன. வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு அதிகம், அவையும் வெவ்வேறு மூலைகளில். தண்ணீர், சாப்பாட்டுக் கிண்ணங்களைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒளிய ஓர் இடம், ஏறி உட்கார ஓர் உயரம், தினமும் விளையாட்டு. என் வீட்டில் புதுப் பூனைக்குத் தனி அறை ஒதுக்கிய பிறகுதான் இவன் முகத்தில் தெளிவு வந்தது. அதற்கு மேலும் அடிக்கடி வந்தால் மருந்து உண்டு, ஆனால் அதை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

பணக் கதைக்கு வருவோம். "21 நாள் முழுசாகப் பயன்படுத்தியும் பலன் இல்லையென்றால் பணம் வாபஸ்" என்பது அவர்கள் உத்தரவாதம். ரிட்டர்ன் கெடுவோ 15 நாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. மருத்துவமனை ரசீதை அனுப்பினேன், "டோஸை இரட்டிப்பாக்கவில்லை, அதனால் உத்தரவாதம் செல்லாது" என்றார்கள். நான் எழுதிய விமர்சனம் மறுநாளே காணாமல் போனது. ஃபெரோமோன் என்று போட்டிருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த லேபிளின் படம், சாட் உரையாடல் மூன்றையும் இணைத்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். ஏற்றுக்கொண்டார்கள், முடிவு இன்னும் வரவில்லை. நீங்களும் வாங்கியிருந்தால் சாட்டை மூடுவதற்கு முன் சேமித்துவிடுங்கள். மூடியதும் அவர்கள் பக்கத்தில் அது அழிந்துவிடுகிறது.

போன வாரம் அதே பாட்டிலின் படத்தை வேறொரு கடையின் பெயரில் பார்த்தேன். இப்போது 21-ஐ 14 ஆக்கியிருக்கிறார்கள்.