பிடி ஜெனரேஷன்: அப்பாவுக்குச் செய்த இலவச மரபணு சோதனை

ரிப்போர்ட்டைவிட அதை விளக்கிச் சொன்ன அந்த ஒரு போன் அழைப்புக்குத்தான் என் முழு மதிப்பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிடி ஜெனரேஷன், அமெரிக்காவின் பார்க்கின்சன் ஃபவுண்டேஷன் 2019-இல் தொடங்கிய ஆய்வு. பிடி என்பது பார்க்கின்சனின் சுருக்கம்; கை நடுங்கி, நடை தடுமாறும் நரம்பு நோய். அது என்று டாக்டர் உறுதிசெய்தவர்கள் சேரலாம். இந்த நோயோடு தொடர்புள்ள ஏழு மரபணுக்களைப் பார்த்து, முடிவை நம்மிடமே சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது. ‘ஓசியில் எவன் கொடுப்பான்? என்னை வைத்து மருந்து சோதிக்கப் போறானா?’ என்று அப்பாவுக்குச் சந்தேகம். மருந்தே கிடையாது, மாதிரி மட்டும்தான், ஆராய்ச்சியாளர்களுக்குப் போகும் தகவலில் பெயர் இருக்காது என்று ஒப்புதல் வாங்கும்போதே விளக்கினார்கள். மின்வாரியத்தில் இருந்தவர் அல்லவா, படிவத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவுக்கு இது வந்தது 36 வயதில். நடக்கும்போது இடது கால் விரல்கள் உள்ளே மடங்கி இழுக்கும். கை நடுக்கம் பிறகுதான். பெரியப்பாவுக்கும் நாற்பதை ஒட்டியே ஆரம்பித்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் இளவயதில் வந்தும், திருநெல்வேலியில் நாங்கள் பார்த்த டாக்டர்கள் யாரும் மரபணுப் பேச்சை எடுத்ததில்லை. லெவோடோபா மருந்து உள்ள சின்டோபா மாத்திரை நன்றாகக் கேட்டது, வண்டி ஓடியது.

முடிவு வந்ததும் மரபணு ஆலோசகர் ஒரு பெண் பேசினார். முதலில் வம்சாவளி கேட்டார். யாருக்கு எந்த வயதில் வந்தது, யார் எதனால் இறந்தார்கள் என்று வரிசையாக. பிறகு, ‘உங்கள் அம்மாவும் அப்பாவும் ரத்த உறவா?’ என்றார். அப்பா சட்டென்று நிமிர்ந்து, ‘அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்’ என்றார், குரலில் கொஞ்சம் காரத்தோடு. தாத்தா கட்டியது சொந்த அக்கா மகளை. அந்தப் பெண்ணின் குரல் துளியும் மாறவில்லை. வம்சாவளிப் படத்தில் உறவுக்குள் நடந்த கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு போடுவோம், அதற்காகத்தான் கேட்டேன் என்றார்.

எந்த மரபணுவும் பொதுவாக நம்மிடம் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பார்க்கின் என்ற மரபணுவில், அப்பாவிடம் இருந்த இரண்டு பிரதிகளிலும் அதே ஒரு துண்டு விடுபட்டிருந்தது. 1998-இல் ஜப்பானியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது பிடிபட்ட மரபணு இது. ஒரு பிரதி பழுதாகி மற்றது நன்றாக இருந்தால் நோய் வருவதாகப் பொதுவாகக் கருதுவதில்லை. இரண்டும் பழுதானால்தான் வரும். முன்னோர் ஒருவரிடம் இருந்த பழுது தாத்தா வழியாகவும் பாட்டி வழியாகவும் இறங்கி அப்பாவிடம் சேர்ந்திருக்கிறது. இந்த வகை மெதுவாகத்தான் முற்றும், லெவோடோபாவுக்கு நன்றாகக் கட்டுப்படும், பலருக்கு வாசனை தெரிவதும் போகாது. அப்பாவுக்கு இன்றும் பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் முதலில் தெரியும்! எனக்கும் தம்பிக்கும் சோதனையே வேண்டாம், ஆளுக்கு ஒரு பழுதான பிரதி உறுதி. என்னை அத்தை மகனுக்குக் கேட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று விட்டார்கள். அத்தானிடமும் அதே பழுது இருந்திருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஜாதகத்துக்கு இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. நோய் இல்லாத பிள்ளைகளுக்கு இங்கே சோதனை கிடையாது. ஆங்கிலம், ஸ்பானிஷ் தவிர வேறு மொழிக்கு வழியில்லை. அம்மாவைப் போன்றவர்கள் என்றால் திண்டாட்டம்தான். சேர்ந்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேரிடம்தான் நோயோடு தொடர்புள்ள மாற்றம் கிடைத்திருக்கிறது. அதனால் ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் அதிர்ச்சியாக வேண்டாம்.

வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் மரபணு கிட் வாங்கினால் போதாதா என்று மைத்துனர் கேட்டார். 23அண்ட்மீ கிட் பார்க்கின்சனுக்குப் பார்ப்பது இரண்டே மாற்றங்கள்: எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் ஒன்று, ஜிபிஏ என்ற மரபணுவில் ஒன்று. அந்த எல்ஆர்ஆர்கே2 மாற்றம் அஷ்கெனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க பெர்பர்களிடமும் அதிகம், இந்தியர்களிடம் அபூர்வம். பார்க்கினை அது பார்ப்பதே இல்லை. எங்கள் வீட்டுக்கு அது தண்டச் செலவு.

வெளியே காசு கொடுத்துச் சோதிக்க நினைக்கும் பிள்ளைகள் ஆயுள் காப்பீட்டை முதலில் எடுத்துவிடுங்கள். மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் அமெரிக்காவின் 2008 ஜினா சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும் காப்பாற்றும். ஆயுள் காப்பீட்டுக்கும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் அது செல்லாது.

இந்தியாவில், ஊரில் இருக்கும் சொந்தங்கள் இந்த பிடி ஜெனரேஷனில் சேர முடியாது. இந்தியாவிலேயே லக்ஸ்-ஜெயண்ட் என்று லக்சம்பர்க், ஜெர்மனி, இந்தியா மூன்றும் சேர்ந்து நடத்தும் மரபணு ஆய்வு இருக்கிறது. நரம்பியல் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பதிவு செய்யும் முன்பு குடும்பத்தில் மூத்த அத்தைக்கு ஒரு போன் போட்டு, யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு எந்த வயதில் ஆரம்பித்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயது ஞாபகமில்லை என்றால், ‘யார் கல்யாணத்தப்போ கை நடுங்க ஆரம்பிச்சுது?’ என்று கேளுங்கள். எங்கள் அத்தை வருஷம், மாசத்தோடு சொன்னார், அன்றைக்குப் போட்ட சாப்பாட்டையும் சேர்த்து.