லெஸ்தாக் ஷிஷி: பந்தா இல்லாத பலகாரம்

பிரான்சின் மார்சே நகரில், பழைய துறைமுகத்தில் ஓர் உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். கற்பலகையில் மூன்று துண்டு மீன், மேலே நுரை, ஓரத்தில் ஒரு பூ. உப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று பரிமாறியவர் சொல்லி முடிப்பதற்குள் மீன் ஆறிவிட்டது. கூட வந்த பிரெஞ்சுத் தோழி வெளியே வந்ததும் 'ஒரே ஷிஷி' என்றாள். பந்தா, அலட்டல், வேண்டாத ஜோடனை எல்லாம் அதற்குள் அடக்கம். யாராவது பிகு பண்ணினாலும் 'ஷிஷி பண்ணாதே' என்பார்கள். ஆங்கிலேயர்களும் இதை இரவல் வாங்கி, பகட்டான கடையையும் உடையையும் கேலி செய்ய வைத்திருக்கிறார்கள். பிரான்சில் ஒரு கடையை 'ஷிஷி இல்லாத இடம்' என்று சொன்னால் நம்பிப் போகலாம்.

அப்படி ஒரு இடத்தில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிஜ ஷிஷி கிடைத்தது. மார்சேயின் வடக்கு ஓரம், லெஸ்தாக். செசான், ப்ராக் போன்ற ஓவியர்கள் எல்லாம் வந்து படம் வரைந்த ஊர். துறைமுகத்தை ஒட்டி வரிசையாகச் சின்னப் பெட்டிக்கடைகள். அங்கே விற்பது 'ஷிஷி ஃப்ரேஜி'. ஃப்ரேஜி என்றால் அந்தப் பக்கத்து ப்ரொவான்சால் மொழியில் பொரித்தது. ஆரஞ்சுப்பூ நீர் கலந்து புளிக்க வைத்த கோதுமை மாவை, முறுக்கு பிழிவதுபோல வட்டமாக எண்ணெயில் விட்டு, வெந்ததும் நீளமாக நறுக்கிச் சர்க்கரையில் புரட்டிக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று. பூ வாசனை லேசாகத்தான், அதுதான் அழகு. நுட்டெல்லா சாக்லேட் பசை தடவட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த வாசனையே போய்விடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பனிஸ். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் களியாகக் கிண்டி, ஆறவிட்டு, வட்டமாக நறுக்கிப் பொரிப்பது. உப்பும் மிளகுத்தூளும் தூவினால் போதும். டஜன் கணக்கில் விற்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு டஜன் காணாது.

குறை உண்டு. சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்கள், காற்று அடித்தால் பாதி சட்டையில்தான். உட்கார இடம் கிடையாது, கடற்கரைச் சுவர்தான். சைவக்காரர்கள் அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மார்சேயின் லா ஜோலியத் பகுதியிலிருந்து லெஸ்தாக்குக்கு 35-ம் எண் பேருந்து நேராகப் போகிறது. வெயில் காலத்தில் பழைய துறைமுகத்திலிருந்து படகும் உண்டு. வாங்கியதும் அங்கேயே தின்றுவிடுங்கள்; வீட்டுக்குக் கொண்டுபோனால் ரப்பர்தான்.